அனுமதி கேட்காத கணினி

என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கும் ஸெலிபா சிபாட்டா ஊர்க்காரி. இங்கே கிட்வே நகரில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராக உள்ள கணினிகளுக்குள் புகுந்து பழுது பார்ப்பாள். இவளுடையது லினக்ஸ், அங்கே விண்டோஸ், இன்னோரிடத்தில் ஆப்பிள். எதுவானாலும் இவள் இங்கே மேசைமேல் எலியை நகர்த்தினால் அங்கே திரையில் அம்பு நகரும். கணினிகளெல்லாம் இவளுக்குப் பழக்கம், மனிதர்தான் ஒருவரும் இல்லை.

ஒருவரைத் தவிர. கசாமாவில் மிஷன் நூலகத்துக் கணக்கைப் பார்க்கும் தனிக்கட்டைப் பெரியவர் சிலெக்வா. வீட்டில் வைத்திருந்த ஆப்பிள் கணினியில் ஒவ்வொரு முறையும் 'அனுமதி'யை அவர்தான் அழுத்த வேண்டும். அதற்காக இவள் போன் செய்வாள்.

"என்னம்மா, இன்னிக்கும் எலிக்கறியா?"

"குரங்கு தின்ற கூட்டத்துக்கு அந்த ருசி எங்க தெரியப்போவுது?"

பெரியவர் எங்கள் பெம்பா இனம், இவள் ங்கோனி; இரண்டு இனத்தாருக்கும் இந்தக் கேலி பரம்பரை உரிமை. அன்று அவள் சிரிப்பது என் அடுக்களைவரை கேட்கும். வேறு நாளில் கேட்டதில்லை.

அவள் ஆபீஸுக்கு ஒரு புத்திசாலி மேலாளர் வந்தான். யாரையும் தொந்தரவு செய்யாமல் உள்ளே போக எல்லாக் கணினியிலும் நிரந்தரக் கடவுச்சொல் போடச் சொன்னான். ஆப்பிளில் அதை அங்கிருப்பவர்தான் செய்ய முடியும். இவள் போனில் சொல்லச் சொல்ல, பெரியவரே செய்தார்.

"அப்போ இனிமே நீ போன் பண்ண மாட்டியா?"

"வேண்டியதில்ல ஐயா. உங்களுக்கும் வசதிதானே."

அதோடு பேச்சு நின்றது. வாரா வாரம் அவர் கணினிக்குள் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வந்தாள். முகம் வாடிக்கிடந்தது. எனக்கு எரிச்சல்.

"வாயிருக்கில்ல? கூப்பிட்டுப் பேசேன்."

"வேலை இல்லாம என்னன்னு கூப்பிடறது அக்கா?"

ஒரு திங்களன்று பெரியவர் கணினியில் அவள் அம்பை இன்னொரு கை பிடித்து இழுத்தது. திரையில் எழுத்து வந்தது: "யார் நீங்கள்?" கணினி பார்ப்பவள் என்று இவள் எழுதினாள். பதில் வந்தது: "மாமாவைப் போன மாதமே அடக்கம் செய்துவிட்டோம்." செத்தவர் கணினியை அதுவரை இவள் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

ங்கோனிக்காரர் வந்து செத்தவரைக் கேலி செய்யாமல் எங்கள் சாவு நிறைவதில்லை. துக்க வீட்டுக்குக் கொடுக்கும் சோளமாவு மூட்டையோடு அவளைக் கசாமாவுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். அவருடைய சகோதரி மகன் கபாசோ மட்டும் இருந்தான். பெரியவரின் முகத்தையே அவள் அங்கே படத்தில்தான் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு நீங்கதானா?" என்றான் கபாசோ. "மாமா கம்ப்யூட்டர நிறுத்தவே விடமாட்டாரு. அம்பு தானா நகர்ந்தா, 'வந்துட்டா'ன்னு நாற்காலிய இழுத்துப் போட்டுக்குவாரு. நீங்க முடிக்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கிட்டிருப்பாரு."

"தொட்டிருக்கலாமே," என்றாள் ஸெலிபா. "கொஞ்சம் அசைச்சிருந்தாகூட எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"வேலையக் கெடுக்கக் கூடாதுன்னு ரெண்டு கையையும் மடியில வச்சிக்குவாரு."