கவ்வாத்துக் கொம்புகள் நட்ட சரிவு

சித்தி பிடுங்கிக் காட்டிய அந்தத் தேயிலைக் கொம்பின் அடி கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. வேர் இல்லை. மேலே மட்டும் நாலைந்து பச்சை இலைகள், இன்னும் இரண்டு நாள் வாடாமல் தாங்கும் அளவுக்கு.

சித்தி என் அம்மாவின் தங்கை. கோலா தெர்லா என்ற மலையூருக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தார். லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலை மலையை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து, செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கல்லும் மண்ணும் வெட்டி அள்ளியது. கல் தீர்ந்ததும் மலையைப் பழையபடி மூடித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலில் வழித்து ஒதுக்கிய கறுத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, நீர் வடியக் கால்வாய் வெட்டி, செடி நட வேண்டும். அந்த மேல்மண் லோரி லோரியாகத் திரிங்காப் காய்கறித் தோட்டங்களுக்கு விலைக்குப் போனது. மிஞ்சியது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும் செம்மண் சரிவு. அதன் அடியில் சித்தியின் சமையலறை. பெருமழைக்கு முன் சரிவில் செடிகள் வேர் பிடிக்காவிட்டால் மண் இறங்கும் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு அந்தக் கம்பெனியிலேயே சேர்ந்தேன். மலையை மூடும் வேலையின் அறிக்கைகள் என் பொறுப்பு. "நம்ம புள்ளதான் ஆபீஸ்ல இருக்குதே, என்னா பயம் லா?" என்று சித்தி லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அரசு அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தைய நாள்வரை நாற்றுகள் வரவில்லை. மேனேஜர் பதறவே இல்லை. பக்கத்து மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது; தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிக் கழிக்கும் வேலை. வெட்டிப் போட்ட கொம்புகளை லோரியில் ஏற்றிவந்து, கூலிக்கு வந்த லயத்துப் பெண்களிடம் கொடுத்து, வரிசையாகக் குத்தச் சொன்னார். தேயிலைக்குள்ளேயே வளர்ந்தவர்கள்; வரிசை கோணாமல் நட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எங்க மாமியாருக்கு சவுரி வச்ச மாதிரி இருக்குடி மலை!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு கொம்பு குத்திக்கொண்டிருந்த சித்தியும் சிரித்தார். கோப்போடு மேலே நின்ற நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் அதிகாரி தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார். சித்திதான் கூட்டத்திலிருந்து வந்து, ஒரு கொம்பைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "துவான், அக்கார் தாடா," என்றார் மலாயில். ஐயா, வேர் இல்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றார். சில செடிகள் பிடிக்கவில்லை, மாற்றிவிடுவோம் என்றேன். நல்ல ஆங்கிலம், ஒரு பிழை இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சித்தியை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மாலையில் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். "நீ என்னா சொன்னேன்னு எனக்குத் தெரியாது," என்றார் சித்தி. "ஆனா சொல்றப்ப என் மூஞ்சியப் பாக்கலியே நீ."

மழை வந்தது. சரிவு இறங்கியது. சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு அடுப்புவரை வந்தது. சித்தி முன்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தார். இயற்கைச் சீற்றம் என்றது கம்பெனி. இயற்கையா மேல்மண்ணை விற்றது? இயற்கையா கொம்பை நட்டது? படித்தவளை நிறுத்திப் பொய் சொல்ல வைத்தது இயற்கையா?

வேலையை விட்டுவிட்டேன். நடந்ததையெல்லாம் புகாராக எழுதி, போன வாரம் கம்போங் ராஜாவில் சித்தியின் வாடகை வீட்டில் உட்கார்ந்து, அவருக்குத் தமிழில் சொன்னேன். கம்பெனியின் பெயர், மேனேஜர் பெயர், என் பெயர், நான் சொன்ன பொய். கொம்பு நட்ட பெண்களின் பெயர்களை மட்டும் விட்டிருந்தேன்.

"எம்பேரு எங்க?" என்றார்.

"வேணாம் சித்தி. உங்களயும் சேத்து இழுத்துருவாங்க."

"இழுக்கட்டும் லா. ஒங்க மேனேஜரா குனிஞ்சு குத்துனாரு? நான்தான் குத்துனேன். எழுது."

என் பெயருக்கு மேலே எழுதினேன்.