கடல் தாண்டிய சித்தாள்

என் அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. படம் மாட்ட வேண்டுமென்றால் அண்ணன் வேலையிலிருந்து திரும்பும்வரை அது சுவரோரம் சாய்ந்து நிற்கும். அப்படிப்பட்டவர், வெளிநாட்டில் ஆலயம் கட்டப் போகிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ஊர்ல ஆணி அடிச்சுக் கொடுக்க ஆள் இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போ" என்றார்.

அண்ணி அப்போதுதான் மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சலவைப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர். கறை போகாத விரிப்பை மடித்து அடுக்கின் அடியில் செருகிவிடும் பெண்கள் எல்லாச் சலவைக்கூடங்களிலும் உண்டு. அண்ணி அவர்களைத் திட்டியதாக யாரும் சொன்னதில்லை. அந்த விரிப்பை உருவி எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி மேசையில் விரித்துவிட்டு, மறுபடி தொட்டியில் போடுவாராம். அவ்வளவுதான்.

நல்லது செய்யக் கிளம்புகிறவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பது வழக்கம். கொடுக்கிறவர் அடையும் நிறைவும் வாங்குகிறவர் அடையும் பயனும் சமமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் நிறைவின் பக்கமே தட்டு தாழ்ந்திருக்கும். அண்ணியைப் பற்றி எழுத இத்தனை காலம் யோசித்ததற்கு அதுதான் காரணம்.

அவர் போன இடத்தில் புயலில் ஓர் ஆலயம் இடிந்து போயிருந்தது. எங்கள் ஊர்ச் சபையின் உதவிக் குழு அதைத் திரும்பக் கட்டித்தர ஒப்புக்கொண்டிருந்தது. பணத்தை மட்டும் அனுப்பாமல் தாங்களே போய்ச் சுவர் எழுப்ப வேண்டும் என்பது சபையின் ஆசை. குழுவில் ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒரு பல் மருத்துவர் இருந்தார், துணிக்கடைக்காரர் இருந்தார். கொத்தனார் மட்டும் இல்லை. அந்த ஊர்க் கொத்தனார்கள் மூன்று பேர், ஒரு மேஸ்திரியும் அவருடைய தம்பிகள் இருவரும், கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்க அமர்த்தப்பட்டிருந்தார்கள்.

காலையெல்லாம் குழு சுவர் கட்டும். மதியம் பக்கத்துக் கொட்டகையில் கூடி, கட்டிய சுவருக்காக நீண்ட நேரம் ஜெபம் செய்யும். முதல் நாள் ஜெபம் முடிந்து வந்து பார்த்த எங்கள் போதகர் அசந்துபோனார். காலையில் கோணலாகத் தெரிந்த சுவர் இப்போது நூல் பிடித்தது போல நிமிர்ந்து நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, கண் கலங்கி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

அன்று அண்ணி ஜெபத்தின் நடுவில் எழுந்து போயிருந்தார். மூக்குக் கண்ணாடியைச் செங்கல் அடுக்கின் மேல் மறந்து வைத்துவிட்டார். எடுக்கப் போனவர் கண்டது இது: மேஸ்திரியும் தம்பிகளும் காலையில் கட்டிய வரிசைகளை ஈரம் காயுமுன் ஒவ்வொரு கல்லாகப் பிரித்து, கரணையால் கலவையை வழித்து, நூல் கட்டித் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுவதைவிடப் பிரிப்பதில்தான் அவசரம். சத்தம் வரக் கூடாதென்று கல்லைக் கல்மேல் போடாமல் மண்ணில் வைத்தார்கள்.

அண்ணியைக் கண்டதும் மூவரும் திருடர்களைப் போல நின்றார்கள். அவர் பேச்சு அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பேச்சு இவருக்கு அப்போது தெரியாது. மேஸ்திரி, இன்னும் பிரிக்காத பகுதியின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஓரிடம், சுவர் ஓரிடம். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பார்த்தார். பிறகு இரும்புச் சட்டியை எடுத்துக் கலவை அள்ளத் தொடங்கினார். அன்றைக்கு ஜெபத்துக்கு அவர் திரும்பவில்லை.

ஊருக்கு வந்ததும், ஜெபத்தில் நேரான சுவரைப் பற்றிப் போதகர் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னார். சபை உருகியது. வெளியூர்ச் சபைகளிலிருந்தும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணி வாய் திறக்கவில்லை. அந்த மூன்று பேரின் மரியாதையைக் காப்பதாக நினைத்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள் வீட்டில் என் அண்ணன்தான். அவர் அடிக்கடி வீட்டுச் சுவரைப் பார்த்துக் கைகூப்பி அண்ணியைச் சீண்டுவார்.

அடுத்த வருடம் அதே நாட்டின் வேறோர் ஊரில் இன்னொரு ஆலயம். சபை மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு அண்ணனோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். குழுவின் செயலாளர் திட்டத்தை வாசித்தார். இந்த முறை ஆட்கள் அதிகம். கொத்தனார்கள் வேண்டாம், முழுச் சுவரையும் நாமே எழுப்பலாம், போன முறை கண்ட அதிசயம் நமக்குத் துணை என்றார். பெயர் வரிசையில் அண்ணியும் இருந்தார்.

வீட்டில் முந்தின நாளே இது பேச்சாகிவிட்டது. அண்ணன் சொல்லிப் பார்த்திருந்தார். "வாயை மூடிக்கிட்டு இரு. பேசுனா உன்னை இறக்கி விட்டுடுவாங்க. நீ இந்த வருஷம் பூரா அந்தப் பயணத்தை நினைச்சுத்தானே இருந்தே?"

"ஆமாங்க. ஆனா சுவர் விழுந்தா அதுக்குள்ள இருக்கப் போறது நாம இல்லையே."

கூட்டத்தில் அவர் எழுந்தார். சலவைக்கூடத்து மேசையில் விரிப்பை விரித்த அதே நிதானம். "ஐயா, நாம ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தப்பதான் சுவர் நேராச்சு. அது நிஜம். நேராக்குனது அந்த மூணு கொத்தனாருங்க. நாம கட்டுனதைப் பிரிச்சுக் கட்டுனாங்க. நானும் கலவை தூக்கிக் கொடுத்தேன்."

செயலாளரின் முகம் சிவந்தது. "அப்போ கர்த்தர் ஒண்ணுமே செய்யலைங்கிறீங்களா அக்கா?"

"செஞ்சாரே தம்பி. நம்மளை அந்தக் கொட்டகைக்குள்ளயே உக்கார வெச்சாரு."

யாரோ சிரித்தார்கள். என் அண்ணன்தான். போதகர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையிலிருந்த வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசுவாசக் குறைவோடு வருகிறவர்களால் குழுவுக்கு நன்மையில்லை என்று செயலாளர் அண்ணியின் பெயரை அங்கேயே நீக்கினார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி பயணத்துக்காக எடுத்து வைத்திருந்த பழைய துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார்.

பெருமை என்ற சொல்லை நான் சிக்கனமாகச் செலவழிக்கிறவன். அண்ணிக்கு முன்பாக, அதில் ஒரு பங்கு அந்தப் போதகருக்குச் சேர வேண்டும். அடுத்த ஞாயிறு, அதிசயத்தைச் சொன்ன அதே பீடத்தில் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். தனக்கு அது தெரியாமல் போனதையும், தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்ததையும் சொன்னார். ஒரு மனிதன் தான் புகழ் பெற்ற கதையைத் தானே இடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திட்டம் மாறியது. பாதிப் பேர் மட்டும் போவது, மற்றவர்களின் பயணச் செலவைக் கொத்தனார்களுக்குக் கூலியாகக் கொடுப்பது, மேஸ்திரி சொல்வதைக் குழு கேட்பது என்று முடிவானது. அண்ணியின் பெயரைப் போதகர் தன் கையால் திரும்ப எழுதினார்.

அன்றிலிருந்து அண்ணி சித்தாள். கலவை குழைப்பார், சட்டி தூக்குவார், கல் நனைப்பார். மேஸ்திரிகளுக்கும் கொத்தனார்களுக்கும் நடுவே, கரணையைத் தொடாமல், இரண்டு ஆலயங்கள் எழும்புவதைப் பார்த்தார். அந்த ஊர்ப் பேச்சையும் சாரத்தடியிலேயே கற்றுக்கொண்டார். யாராவது அங்கே என்ன ஊழியம் என்று கேட்டால் "சித்தாள் வேலை" என்பார், மாவட்ட ஆட்சியர் என்று சொல்வது போல. அண்ணன் அவரைக் 'கடல் தாண்டிய சித்தாள்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

பேச்சு பழகிய பிறகு ஒருநாள் அந்தப் பழைய மேஸ்திரியிடம், முதல் ஆலயத்தில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை அண்ணி நம் பேச்சில் சொல்லிக் காட்டினார். "விருந்தாளி ஆசைப்பட்டு நம்ம வீட்டைப் பெருக்குனா, மூலையில குப்பை இருக்குன்னு சொல்லுவோமா? அவங்க அந்தப் பக்கம் போனதும் நாம ஒரு தடவை பெருக்கிக்குவோம்."

அண்ணி அந்தப் பதிலை வெகுநாள் மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மறைத்துத் திருத்துவது மரியாதைதான். ஆனால் வேற்று மனிதருக்குத் தரும் மரியாதை அது.

நான்காவது ஆலயம் போன வருடம் முடிந்தது. அங்கேயும் அதே மேஸ்திரி, இப்போது தலை நரைத்தவர். பலிபீடத்துக்குப் பின்சுவர் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் தன் கரணையை அண்ணியின் கையில் கொடுத்து, ஒரு வரிசை வைக்கச் சொன்னாராம். அண்ணி வைத்தார். முடிந்ததும் அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், ரசமட்டத்தை மேலே வைத்தார், ஒரு கண்ணை மூடி நூலோடு பார்த்தார்.

"இந்த ஒரு கல்லு தப்பு. எடுத்துட்டு வையுங்க."

அண்ணி எடுத்தார். கலவையை வழித்தார். திரும்ப வைத்தார்.

ஊர் திரும்பிய அன்று இதைச் சொன்னபோது அவர் முகத்திலிருந்த களையை, ஓய்வுபெற்ற நாளில் மருத்துவமனையில் மாலை போட்டபோதுகூட நான் பார்த்ததில்லை. அண்ணன் விடுவாரா? "ஒரு கல்லைத் தப்பா வெச்சதுக்கா இவ்வளவு பெருமை?" என்றார்.

"அவர் என் முகத்துக்கு நேராச் சொன்னாருங்க" என்றார் அண்ணி. "நான் ஜெபத்துக்குப் போற வரைக்கும் காத்திருக்கல."