கேட்காமல் இறக்கிய சுதி

1. மாடி ஹால்

பழைய பாட்டு மன்றத்துக்கு நான் முதல் முறை ஸ்பீக்கர் வைக்கப் போன அன்று, பாடியவர்களைவிட வாதம் செய்தவர்கள்தான் அதிகம். திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூடுவார்கள். சின்ன மிக்சர், இரண்டு பெட்டி, இரண்டு மைக், ஒரு லேப்டாப், அவ்வளவுதான் வேலை. ஆடிக் கிருத்திகைக்கு மலைப்பாதை முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஒயர் இழுத்த எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு போனேன். சவுண்ட் லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படி நினைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அங்கே வருகிறவர்களுக்கு அறுபதுகளில் வந்த சினிமாப் பாட்டு மட்டும்தான் பாட்டு. அதற்குப் பிறகு வந்ததை யாராவது பாடினால் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். பாடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கம். இசைத்தட்டில் இரண்டு சரணம்தான், படத்தில் மூன்று என்பார் ஒருவர். இந்தப் பாட்டை முதலில் எந்தக் கொட்டகையில் கேட்டேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார் இன்னொருவர். சங்கதி தப்பாக இருந்தால் நாற்காலியிலிருந்து உடனே குரல் வரும்.

"நடுவுல வர்றது ஷெனாயி இல்ல சார், கிளாரினெட்டு. எங்கிட்ட தட்டே கீது, வந்து கேட்டுப் பாருங்க."

"உங்க தட்டு தேஞ்சி போன தட்டு சார். அதுல மோர்சிங் வாசிச்சாகூட கிளாரினெட்டு மாதிரிதான் கேக்கும்."

சண்டை முடிந்த பிறகுதான் நான் ட்ராக்கைப் போடுவேன். ட்ராக் என்றால் பாடகர் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் இருக்கும் பாட்டு. லேப்டாப்பில் அது ஓடும்போது ஓரத்தில் சுதிக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் மைனஸ் ஒன்று வைத்தால் சுதி அரைக் கட்டை இறங்கும். தாளத்தின் வேகம் மாறாது.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆட்கள் நடுவில் பேசக் கூச்சப்படுவேன். மைக் டெஸ்ட்டுக்குக்கூட வாய் திறக்காமல் விரலால் தட்டித்தான் பார்ப்பேன். எங்கள் சவுண்ட் சர்வீஸ் முதலாளி சேகர் அண்ணன் அதனாலேயே இந்த மன்றத்து வேலையை எனக்குக் கொடுத்தார். "நீதான்டா சரி. அவங்க பேசுவாங்க, நீ கேட்டுகினு இரு. ஒண்ணே ஒண்ணு. பாட வந்தவங்க மூஞ்சி வாடிப்போய் மேடைய வுட்டு எறங்கக்கூடாது. அது நம்ம பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார்.

2. கார்டு சார்

ஜெயசீலன் சார் அரக்கோணத்தில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபதைத் தாண்டிவிட்டார். எல்லாருக்கும் அவர் கார்டு சார்தான். சின்ன வயதில் சர்ச்சில் பாடிப் பழகிய குரல். அவர் சொல்லும் சங்கதி எல்லாம் ரயிலில்தான் முடியும்.

"கூட்ஸ் வண்டிய திருவாலங்காட்டுல லூப் லைன்ல போட்டுடுவான். மெயில் போவும், எக்ஸ்பிரஸ் போவும், நம்மள வுடமாட்டான். கடைசிப் பெட்டியில நான் ஒருத்தன்தான். வயலுக்கு அந்தாண்ட டெண்ட்டு கொட்டாயி. படம் போடறதுக்கு முன்னாடி தட்டு போடுவான். பழைய பாட்டா எடுத்து வுடுவான். சிக்னல் வுழுந்து வண்டி கெளம்பிடக்கூடாது கர்த்தரேன்னு வேண்டிகினு உக்காந்திருப்பேன்."

அப்படிக் கற்றுக்கொண்ட பாட்டைத்தான் அவர் முதல் மாதம் பாடினார். பல்லவி நன்றாக வந்தது. இரண்டாவது சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. இருமிவிட்டு, "ஃபேன் காத்து" என்றார். கை தட்டினார்கள். ஆனால் அவர் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். முதலாளி சொன்ன வாடிய முகம் அதுதான்.

அடுத்த மாதம் அவர் பாட வந்தபோது யாரிடமும் சொல்லாமல் மைனஸ் இரண்டு வைத்தேன். அதற்கடுத்த மாதம் மூன்று. அந்த உச்சியை அவர் அனாயாசமாகத் தொட்டார். ஹாலே எழுந்து நின்றது.

அவ்வளவு பாட்டு தெரிந்தவருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சுதியைத் தனியாக யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. காதில் விழுகிற வாத்தியத்தோடு குரல் போய்ச் சேர்ந்துகொள்ளும். இன்னும் நாலைந்து பேருக்கும் அப்படியே செய்தேன். எங்கள் லைனில் இது சாதாரணம். பாடுகிறவருக்கு மூட்டுவலி மாத்திரை மாதிரி இது என்று முதலாளி சொல்வார்.

3. சரோஜாக்கா

பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருவார் சரோஜாக்கா. தறி ஓட்டின குடும்பம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெண் பாடகர்களின் பாட்டுகளுக்குச் சுதி மேலே. அவர் குரலோ கனமானது. அதை அவர் மறைத்ததே இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்பார்.

"தம்பி, எனக்கு நாலு எறக்கிடுபா. தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பாடின தொண்ட. கீழதான் போவும்."

நாலு இறக்கினால் வாத்தியம் கொஞ்சம் கெடும். புல்லாங்குழல் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடும். அவருக்கு அது பொருட்டில்லை.

கார்டு சாருக்குக் குரல் திரும்பிய பிறகு பேச்சும் கூடிவிட்டது. சரோஜாக்கா நாலு கேட்கும்போதெல்லாம் முன்வரிசையிலிருந்து ஒன்று விடுவார்.

"அக்கா, இன்னும் ரெண்டு எறக்கினீங்கன்னா கீழ மண்டபத்துலயே பாடிடலாம்."

முதலில் சரோஜாக்காவும் சிரித்தார். "நீங்க இஞ்சின் சார், நாங்க கட்ட வண்டி" என்று திருப்பிக் கொடுத்தார். மாதா மாதம் அதே கேலி. அப்புறம் சிரிப்பு நின்றது. கேலி பேசியவரின் ட்ராக்கில் மைனஸ் மூன்று இருப்பதை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

4. தீர்மானம்

ஆண்டு விழா நெருங்கியது. வெளியூரிலிருந்து வேறு மன்றத்துக்காரர்களைக் கூப்பிடுவதாக முடிவு. கார்டு சார் எழுந்து ஒரு தீர்மானம் சொன்னார். ஒரிஜினல் சுதியில் பாட முடிந்தவர்கள் மட்டும் அன்று மேடையில் பாட வேண்டும்.

"சுதிய எறக்கறது பாட்டையே எறக்கற மாதிரி. வெளியாளுங்க வராங்க. நம்ம பேரு கெட்டுடும். மத்தவங்க கேட்டு ரசிக்கட்டும், வேணாங்கலயே."

பாதிப் பேர் கை தூக்கினார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். சரோஜாக்கா பெயர் பட்டியலிலிருந்து போனது.

நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது சரோஜாக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க தெருவுல வேனு பேசிட்டாங்க தம்பி. சரோஜா மேடையில பாடறான்னு பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க, சம்பந்தி ஊடு, எல்லாம் வராங்க. அவங்ககிட்ட இன்னான்னு சொல்றது? எனக்குப் பாட வராதுன்னு மன்றத்துல சொல்லிட்டாங்கன்னா?"

"பாக்கலாங்கா" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

விழாவில் கார்டு சார் ட்ராக்கை ஒரிஜினல் சுதியில் போட்டுவிட்டால் உண்மை தானே வெளியே வரும். அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் முன்னால் ஒருவர் குரல் உடைந்து நிற்க, அதற்குக் காரணமானவன் மிக்சர் பின்னால் உட்கார்ந்திருப்பது எந்த ஊர் நியாயம்? சொல்வதென்றால் அவரிடம் மட்டும், முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

5. செக்கிங்

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாலில் பெட்டி வைத்துவிட்டு கார்டு சாருக்குப் போன் செய்தேன். "சார், சவுண்டு செக் பண்ணணும். ஒரு பாட்டு பாடிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்." அரக்கோணத்திலிருந்து ரயிலேறி உடனே வந்துவிட்டார். வேறு யாரும் இல்லை.

சுதிக் கட்டத்தில் பூஜ்யம் வைத்து ட்ராக்கைப் போட்டேன். பல்லவியிலேயே திணறினார். சரணத்தில் உடைந்தது.

"இது வேற ட்ராக்குபா. தப்பா எடுத்துட்டே."

"அதே ட்ராக்குதான் சார்."

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார். மறுபடி அங்கேயே உடைந்தது. நான் மைனஸ் மூன்று வைத்து முதலிலிருந்து போட்டேன். நன்றாக வந்தது. பாதிச் சரணத்தில் அவராகவே நிறுத்தினார்.

"இப்ப இன்னா பண்ணே?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து சார். வேற யாருக்கும் தெரியாது சார்."

இதைச் சொன்னால் சமாதானமாவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் ஏறியது.

"தொண்ட யாருதுபா? என்னுது. அது எறங்கிட்சின்னா மொதல்ல எனக்கில்ல தெரியணும்? ஊருக்கெல்லாம் ஒளிச்சி வெச்சே, சரி. எங்கிட்டயும் ஒளிச்சி வெப்பியா?"

"நீங்க சந்தோஷமா..."

"சந்தோஷமாத்தான் இருந்தேன். அந்த சந்தோஷத்துலதான் அந்தம்மாவ மாசா மாசம் வாயில போட்டு மென்னுகினு இருந்தேன். நீ பக்கத்துலதானே உக்காந்துகினு இருந்தே? ஒரு நாளாவது வாயத் தொறந்தியா?"

அவர் மைக்கை ஸ்டாண்டில் வைக்காமல் நாற்காலி மேல் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

6. ஆண்டு விழா

வந்தார், வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்க்கவில்லை. பள்ளிப்பட்டு வேனும் வந்திருந்தது. சரோஜாக்கா அவர்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதனால் இந்த முறை தனக்கு இல்லை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

கார்டு சார் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி மைக்கைப் பிடித்தார். சங்கதி சொல்லும் நேரம். லூப் லைன் கதை வரப்போகிறது என்று எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"இந்தப் பாட்டு தட்டுல இன்னா சுதியில இருக்குதோ, அந்தச் சுதியில என்னால பாட முடியாது. இத்தன நாளா நான் பாடினது எல்லாம் எறக்கி வெச்ச சுதி. எனக்கே வெள்ளிக்கிழமதான் தெரியும். தீர்மானம் போட்டவனே நான். அந்தக் கணக்குக்கு இப்ப நான் கீழ எறங்கணும். எறங்கட்டுமா?"

வேனில் வந்த ஒரு பெரியம்மா எழுந்தார். "நீ எறங்கறதப் பாக்கவா வேனுக்கு வாடக குடுத்து வந்துகீறோம்? பாடு சார்!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பாடறேம்மா. எனக்கு அடுத்தது சரோஜாம்மா பாடணும். செகரட்ரி சார், எழுதிக்குங்க." பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கை விலக்காமலே சொன்னார். "தம்பி, மூணு எறக்குபா."

இறக்கினேன். அவர் பாடியதிலேயே அன்றைக்குப் பாடியது சிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உச்சிக்குப் போகும்போது கண்ணை மூடவில்லை.

அடுத்து சரோஜாக்கா. "எங்க நைனா தறிக்கு மேல ரேடியோவ மாட்டி வெப்பாரு. தறி நின்னாதான் பாட்டு காதுல வுழும். அதனால நூலு அறுந்தா எனக்கு சந்தோஷம்" என்றார். நாலு இறக்கினேன். இரண்டாவது அடியை மறந்து முதல் அடியையே திரும்பப் பாடினார். அவர் தெருக்காரர்கள் அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். கார்டு சார் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் என் மேசைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

"எனக்கும் எறக்கிதான் வெச்சிகினு இருந்தியா?"

"ஆங் சார். ரெண்டு."

"ரெண்டுதானே? பரவால்ல."

தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவருக்கு நான் எதையும் இறக்கியதில்லை. அதைச் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்பா, என்னை மட்டும் வுட்டுட்டே?" என்று கேட்டு ஒன்று இறக்கி வாங்கிக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எக்கோ போடலாம், அதெல்லாம் நம் கை. சுதியை மட்டும் பாடுகிறவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நல்லது செய்கிறோம் என்று பேசாமல் செய்தால், அதற்கான விலையை வேறு யாரோ கொடுப்பார்கள். முதலாளி இதை ஒப்புக்கொள்வதில்லை. "அந்த மன்றத்துக்கு நீயே போய்க்க" என்கிறார். போகிறேன். பாட வருகிறவரிடம் முதலில் எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

விழா முடிந்து சில மாதங்கள் கார்டு சார் என்னிடம் சுதியின் எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. "மூணு" என்பார், பாடுவார், இறங்கிப் போவார். போன மாதம் மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார். லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"நாலு வெய்ப்பா" என்றார்.

வைத்தேன்.