வழியை மறித்த கண்ணாடி அலுமாரி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், கல்முனைக்குடியில் எங்கள் வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் நடந்தது இது. ஜும்ஆத் தொழுகை நேரம். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தார்கள்.

அந்தச் சின்ன வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் சேர்ந்துதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, வளவுக்குள்ளேயே பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வீட்டைக் கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் சீதன வீட்டில் கட்டில், மேசை, பிரிட்ஜ் எல்லாம் புதிதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதனால் ஐந்து அறை வீட்டுச் சாமான் முழுவதும் எங்களோடு இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தது.

சாமான் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. என் கணவர் கத்தாரில் சாரதியாக வேலை செய்தவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார். பொன் கரை போட்ட பிங்கான் செட், கண்ணாடிக் கோப்பைகள், பிளாஸ்க், கார்பெட், கம்பளி. கல்முனை வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. மடித்து உறை போட்டு அலுமாரிக்கு மேலே அடுக்கினேன். பிங்கான் செட்டுக்கென்று ஆளுயரக் கண்ணாடி அலுமாரி ஒன்றும் செய்வித்தேன். அந்தக் கோப்பைகளில் யாரும் தேநீர் குடித்ததில்லை. பெரிய விருந்தாளி யாராவது வரட்டும் என்று வைத்திருந்தேன். எத்தனையோ பேர் வந்தார்கள். அந்தக் கோப்பைக்குத் தகுந்த பெரிய ஆள் மட்டும் வரவேயில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுனாமியில் கடல் எங்கள் முதல் வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போனபோது, உடுத்த உடுப்போடு முகாமில் உட்கார்ந்து, "இனி இந்தத் துனியாவில் எந்தச் சாமானுக்கும் ஆசைப்பட மாட்டேன்" என்று சொன்னவளும் நான்தான். அந்தச் சபதம், இப்போது மகளுக்குக் கொடுத்திருக்கும் புது வீட்டின் சுவர் எழும்பும் வரைதான் நின்றது. ஆசை யாரை விட்டது?

சின்ன வீட்டின் கூடத்தில் ஒரு பக்கம் கண்ணாடி அலுமாரி. எதிரே எட்டுப் பேர் இருந்து சாப்பிடும் முதிரை மரத்து மேசை. அதன் மேலே கதிரைகள், கதிரைகளின் மேலே பெட்டிகள். நடுவால் போவதென்றால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகவேண்டும். பின்கதவைப் பழைய பிரிட்ஜ் அடைத்துக்கொண்டு நின்றது. குடிவந்த புதிதில் பக்கத்து வளவுப் பெண் பார்க்க வந்தாள். வாய்த் துடுக்கு அவளுக்குக் கூடப் பிறந்தது. சுற்றிவரப் பார்த்துவிட்டு,

"ராத்தா, கோவிக்காதங்க. நாளைக்கி ஆராச்சும் மௌத்தானா சந்தூக்கு இந்த வழியால வெளிய போகாது" என்றாள்.

இறந்தவர் உடலைச் சுமந்து போகும் சந்தூக்கைப் பற்றிக் குடிபுகுந்த வீட்டில் பேசுகிறாளே என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. கொஞ்ச நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் குளித்து, ஜும்ஆவுக்குப் போக உடுத்திக்கொண்டு இருந்தார். நான் குசினியில் இருந்தேன். அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். குரல் சரியில்லை. எட்டிப் பார்த்தால் கட்டில் ஓரத்தில் சாய்ந்து இருக்கிறார். சேர்ட் முழுக்க வியர்வை.

"நெஞ்சுக்குள்ள ஆரோ ஏறி நிக்கிறாப்போல இரிக்கி புள்ள" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் முன்வீட்டிலிருந்து மகள் ஓடிவந்தாள். மருமகன் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மகள்தான் பதறாமல் அம்புலன்சுக்குப் போன் எடுத்தாள். பக்கத்து வளவுப் பெண்ணும் வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். அல்லாஹ்வின் கிருபை, அம்புலன்ஸ் சுணங்காமல் வந்தது. இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். ஒருவர் காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. தள்ளுகட்டிலோடு வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு கட்டிலை வெளியில் விட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நுழைந்து அறைக்குப் போய் அவரைப் பார்த்தார்கள்.

"அம்மா, ஐயாவ ஒரு அடியும் நடக்க விடேலாது. கதிரையில இருத்தித் தூக்குவம்" என்றார் அந்தத் தம்பி.

தூக்கினார்கள். அறை வாசலைத் தாண்டி, மேசைக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் நடுவில் வந்ததும் கதிரை இறுகிவிட்டது. முன்னால் போகவில்லை. மேசையை அசைக்க வழியில்லை, அதன் மறுபக்கம் சுவர். என் கணவரின் தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது.

"இந்த அலுமாரிய இழுங்க, கெதியா!" என்றார் தம்பி.

பக்கத்து வளவுப் பெண் அலுமாரியில் கை வைத்தாள். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"பாத்து, பாத்து! உள்ளுக்குக் கண்ணாடிச் சாமான்!"

நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு தானாகச் சொன்னது. எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். அவரும் கண்ணைத் திறந்து பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. பழகிப்போன ஒரு பார்வை. எனக்கு உடம்பு கூசிப்போனது.

"உம்மா, தள்ளி நில்லுங்க!" என்று கத்தினாள் மகள். அவளும் அந்தப் பெண்ணும் அலுமாரியை ஒரே இழுவையாக இழுத்து மூலைக்குச் சாய்த்தார்கள். கதவுகள் திறந்துகொண்டன. வருடக்கணக்காக நான் துடைத்துத் துடைத்து வைத்தது எல்லாம் சரசரவென்று கொட்டியது. அந்தத் தம்பிமார் உடைசலுக்கு மேலால் சப்பாத்துக் காலோடு மிதித்துக்கொண்டு அவரைத் தூக்கிப் போனார்கள். பின்னால் நான் வெறுங்காலோடு ஓடினேன். காலில் வெட்டியது ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாரடைப்புத்தான். மருந்து ஏற்றினார்கள், நெஞ்சில் வயர்களைப் பூட்டினார்கள், என்னை வெளியில் இருத்தினார்கள். எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் மறந்துபோய் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பது மட்டும்தான் வாயில் நின்றது. பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்து, "இப்ப பயமில்ல. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா கஷ்டம்" என்றார். ஜும்ஆ முடிந்து நேரே ஓடிவந்திருந்த மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவரைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய். விரலால் என்னைக் கிட்ட வரச் சொன்னார். ஏதோ வஸிய்யத்து, கடைசி விருப்பம் சொல்லப் போகிறார் என்று காதைக் கொடுத்தேன்.

"கத்தார் செட்டு தப்பினதா புள்ள?"

அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. சத்தம் கேட்டுத் தாதி வந்து ஏசினார். அந்த ஏச்சு எனக்குத் தேனாக இருந்தது. மனுஷன் பகிடி விடுகிறார் என்றால் உயிர் திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்.

அன்று பின்னேரம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். உடைசலை எப்படிக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். பக்கத்து வளவுப் பெண் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, தரையையும் துடைத்து வைத்திருந்தாள். ஒரு கூடைக்குள் தப்பிய சாமான் கொஞ்சம் இருந்தது.

"மிச்சம் இவ்வளவுதான் ராத்தா" என்றாள். முகத்தில் ஒரு பயம். நான் ஏசுவேன் என்று நினைத்திருப்பாள்.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கவலை வரவேயில்லை. தலையில் நெடுநாள் சுமந்த மூட்டையை யாரோ கேட்காமலே இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கூடத்துக்கு நடுவில் நேராக நின்று பார்த்தேன். குடிவந்த பிறகு அன்றுதான் அந்த வீட்டில் நேராக நின்றேன்.

அவர் திரும்பி வருவதற்குள் சாமானை எல்லாம் வெளியேற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன். மேசையும் கதிரைகளும் பிள்ளைகள் ஓதும் மதரஸாவுக்குப் போயின. அலுமாரிகள் புதிதாகக் கல்யாணம் முடித்த உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்கு. பிரிட்ஜ் பழைய இரும்புக்காரனுக்கு. கம்பளிகளுக்குத்தான் நல்ல இடம் கிடைத்தது. இறக்காமத்தில் என் மச்சான்மாருக்கு வயல் இருக்கிறது. யானை வரும் என்று பரணில் பனியோடு காவல் கிடப்பவர்கள் அவர்கள். கத்தார்க் கம்பளி கடைசியில் யானைக் காவலுக்குப் போனது. என்னைப் பெரிய தியாகி என்று எண்ணிவிட வேண்டாம். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனைக்குப் போனதும் பின்னால் ஓடி, பிளாஸ்கை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். மகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். "இது ஆர்ர ஊடு?" என்று கேட்டுவிட்டு, கையை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டு நேராக அறை வரைக்கும் நடந்தார். நான் குசினிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கூடையில் தப்பியவற்றில் இரண்டு கோப்பைகள் முழுசாக இருந்தன. இப்போது காலையில் நாங்கள் இருவரும் அதில்தான் பிளேன்டீ குடிக்கிறோம். அந்தப் பெரிய விருந்தாளி இத்தனை காலமும் எதிரிலேயே இருந்திருக்கிறார். கடைத்தெருவில் அழகான சாமானைக் கண்டால் என் கை இன்றும் துறுதுறுக்கும். ஆனால் "பாத்து, பாத்து" என்ற என் குரல் எனக்கே கேட்கும், கை தானாக இறங்கிவிடும்.

டாக்டர் சொன்னபடி பின்னேரங்களில் அவர் கூடத்தில் அங்குமிங்கும் நடப்பார். என்றைக்கோ ஒருநாள் எங்கள் வாசலாலும் சந்தூக்கு போகத்தான் போகிறது, அதற்கும் இப்போது வழி தாராளமாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அந்த வழியில் அவருடைய காலடிச் சத்தம் கேட்கிறது, வாழ்க்கையில் எனக்கு வேண்டிய சாமான் அது ஒன்றுதான்.