ரோமர் கையால் சாப்பிட்டார்கள்

மகள் லண்டன் ஸ்ட்ரெதமில் பள்ளிக்கூடம் சேர்ந்த கையோடு அவளுக்கு முள்ளுக்கரண்டி பழக்கிவிட்டேன். கையால் சோறு குழைக்கும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம். வீட்டிலும் கை கூடாது என்றேன். இரண்டு பழக்கம் இருந்தால் இடம் மாறி வெளியே வந்துவிடும். முள்ளுக்கரண்டியால் புட்டைத் துரத்தித் துரத்திச் சாப்பிடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை லண்டனில் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

"கக்கூசிலை கடதாசியாலை துடைச்சுப்போட்டு எழும்புற சனத்திட்டையோ நீர் நாகரிகம் படிக்கிறீர்?" என்பார் கணவர், புட்டைக் கையால் குழைத்தபடி.

"உங்களுக்கென்ன! அவளுக்கெல்லோ சிநேகிதம் வேணும்."

சொன்ன பிறகு, செய்வது சரிதானா என்று யோசிப்பேன். யோசித்துக்கொண்டே முள்ளுக்கரண்டியைக் கழுவி வைப்பேன்.

இந்த ஆண்டு வகுப்பில் ரோமரைப் பற்றிய பாடம். ரோமருக்குத் தங்களைத் தவிர அநேகமாக எல்லாரும் காட்டுமிராண்டிகள். கால்சட்டை போட்டால் காட்டுமிராண்டி, வெண்ணெய் தின்றால் காட்டுமிராண்டி. இந்தப் பிரித்தானியத் தீவின் ஆட்களையும் அப்படித்தான் நினைத்தார்களாம். மகள் இதையெல்லாம் வெண்ணெய் பூசிய பாணைக் கடித்தபடி எனக்கு விளக்கினாள். அந்தக் காலத்தில் நம் துறைமுகங்களுக்கு மிளகு வாங்க வந்த யவனரை, இந்த ரோமரையும் சேர்த்து, நம்மவர்கள் மிலேச்சர் என்றார்கள் என்று எப்போதோ படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. டீச்சரிடம் போய் ஒப்புவித்துவிடுவாள்.

பாடம் முடிந்ததும் ரோமர் விருந்து. பெற்றோர் சிலரை உதவிக்கு அழைத்தார்கள், எனக்கு மறுக்கத் தெரியாது. ரோமர் உடுப்பென்று கட்டில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் நிலத்தில் சாய்ந்திருந்தார்கள். பாண், பருப்பு, திராட்சை. ரோமரிடம் முள்ளுக்கரண்டி இல்லை, ஆகவே எல்லாரும் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று டீச்சர் அறிவித்தார். வகுப்பே கூத்தாடியது.

என் மகள் மட்டும் எழுந்து முள்ளுக்கரண்டி கேட்டாள்.

"காட்டுமிராண்டி!" என்று கத்தினாள் அவளுடைய ஒரே சிநேகிதி, மூக்கு நுனியில் பருப்போடு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டுத்தான். ஆனால் மகளின் உதடு துடித்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, பாணைப் பிய்த்துப் பருப்பில் குழைத்தேன்.

"சாப்பிடு பிள்ளை."

"நீங்கதானே கையால வேண்டாம் எண்டனீங்க?"

"இண்டைக்குப் பரவாயில்லை."

"ஏன்?"

மற்றப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் நான் செய்தது என்ன என்பதை அங்கே வைத்து எப்படி விளக்குவது?

"டீச்சர் சொன்னவ," என்றேன்.

அது போதுமானதாக இருந்தது. அவள் நுனிவிரல்களால் அள்ளினாள். உள்ளங்கையில் படவில்லை, ஒரு பருப்புக்கூடச் சிந்தவில்லை. சிநேகிதி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, தனக்கும் காட்டித் தரச் சொன்னாள். டீச்சர் குனிந்து, அசல் ரோமர் மாதிரியே சாப்பிடுகிறாள் என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

"அம்மா, நாளைக்கு லஞ்சுக்கும் இப்பிடிச் சாப்பிடலாமோ?"

"இஞ்சை ஏலாது குஞ்சு. நாளைக்கு நாங்கள் ரோமர் இல்லை."

அவள் சிறிது யோசித்தாள். "வீட்டில?"

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் குரலைத் தாழ்த்தித்தான் "ஓம்" என்றேன்.