குக்கருக்கும் பலாப்பழத்துக்கும் நடந்த யுத்தம்

ஒரு மத்தியான வேளையில், நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது, என்னுடைய மந்தைவெளியை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

நிஜ மந்தைவெளி இல்லை. அது மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளமும் தானுமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கேதான் நான் குடியிருக்கிறேன். நான் சொல்வது போனில் ஆடுகிற ஒரு விண்வெளி விளையாட்டில் எனக்குச் சொந்தமான கிரகம். அந்த விளையாட்டில் ஆளுக்கொரு கிரகத்தைக் கொடுத்து விட்டுவிடுவார்கள். சுரங்கம் வெட்டி, கப்பல் கட்டி, அக்கம்பக்கத்துக் கிரகங்களை வளைத்துப் போட்டு சாம்ராஜ்யம் நடத்த வேண்டியது நம் சாமர்த்தியம். காலையில் படையை அனுப்பினால் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகும். தி. நகரில் மேட்சிங் சென்டர் வைத்திருப்பவளுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது. புடவையை விரித்துப் போட்டு, "கிளிப்பச்சையும் வேணாம், இலைப்பச்சையும் வேணாம், நடுவுல ஒண்ணு எடுங்க" என்று உயிரை வாங்குகிறவர்களுக்கு பிளவுஸ் துணி எடுத்துப் போட்டுக்கொண்டே ஒரு படையெடுப்பை முடித்துவிடலாம்.

மற்றவர்கள் தங்கள் கிரகங்களுக்கு வாயில் நுழையாத பெயர்களாக வைத்திருந்தார்கள். எனக்கு அதெல்லாம் ஞாபகம் நிற்காது. மந்தைவெளி, லஸ், மயிலாப்பூர் என்று வைத்தேன். ஒன்றுமே விளையாத, சண்டையும் வராத ஒரு கிரகம் இருந்தது. அதற்குக் கோபாலபுரம் என்று பெயர்.

ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு படம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் டிராகன், மண்டையோடு, வாள் என்று வைத்திருந்தார்கள். நான் எங்கள் வீட்டு குக்கரைக் கீழேயிருந்து படம் பிடித்து வைத்தேன். அந்தக் கோணத்தில் பார்த்தால் அசல் விண்கலம். என் மந்தைவெளியைப் பிடித்த ஆளின் படம் ஒரு பலாப்பழம்.

அதுவரை அந்த விளையாட்டில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அன்றைக்கு பலாப்பழத்திடமிருந்து வந்த செய்தி, ஆங்கில எழுத்தில் இருந்தாலும், சுத்தமான சென்னை.

"மந்தைவெளி இன்னா இவ்ளோ ஈஸியா கீது?"

கிரகம் போன எரிச்சல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் குபீரென்று ஒரு சந்தோஷம். "நைனா, மந்தைவெளி மேல கை வச்சா மயிலாப்பூர் சும்மா வுடாது" என்று பதில் போட்டேன். உடனே வந்தது: "மச்சி! நீ மெட்ராஸா!"

அந்த 'மச்சி'யில் ஆரம்பித்தது வினை. ஆங்கிலத்தில் 'யூ' என்று போட்டுவிட்டால் தீர்ந்தது, எதிரில் இருப்பது எம்.எல்.ஏ.வா எல்.கே.ஜி.யா என்று தெரிய வேண்டாம். தமிழில் வாயைத் திறக்கும் முன்பே எதிராளி பெரியவரா சின்னவரா, ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 'சாப்பிட்டாச்சா' என்று மொட்டையாகத்தான் கேட்க முடியும். பலாப்பழம் இந்த வேலியை எல்லாம் ஒரே தாண்டாகத் தாண்டி என்னை மச்சி என்று கூப்பிட்டுவிட்டது. மச்சி என்கிறான், ஆகையால் இவன் ஒரு காலேஜ் பையன் என்று நான் முடிவுகட்டினேன். என் கடையில் வேலை செய்யும் பெண்களே ஒருத்தியை ஒருத்தி மச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அது தினமும் காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. நைனா என்கிறான், ஆகையால் இவனும் நம்ம வயசுப் பையன்தான் என்று அந்தப் பக்கம் முடிவுகட்டியிருக்கும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும்? அவன் கேட்கவே இல்லையே.

மந்தைவெளியை அவன் திருப்பிக் கொடுத்தான், கூட்டணி வைத்துக்கொண்டோம். என் எல்லையும் அவனுடைய ராயப்பேட்டைக் கிரகத்தின் எல்லையும் ஒட்டியிருந்தன. கூட்டணி என்றால் அடித்துக்கொள்ளாமல் இருப்பது என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒரு தரம் அவன் என் கப்பலைத் திருடுவான், நான் அவன் சுரங்கத்தைக் கொளுத்துவேன். அதற்கப்புறம் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு மற்றவர்களை அடிக்கப் போவோம்.

திட்டி முடித்த நேரத்தில் விஞ்ஞானக் கதைகள். எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்தப் பைத்தியம் உண்டு. வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடையில் மற்றப் பெண்கள் குடும்ப நாவல் எடுக்கும்போது நான் ராக்கெட் படம் போட்டதாகப் பார்த்து எடுப்பேன். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஜீவன் வாய்த்ததில்லை. இப்போது வாய்த்தது, அதுவும் சண்டைக்கோழியாக. விண்வெளியில் கப்பல் வெடித்தால் சத்தம் கேட்க வேண்டுமா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம்.

"காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்படிடா வரும்?"

"காத்து இல்லன்னாலும் வரணும் மச்சி. டமால்னு ஒரு சத்தம்கூட இல்லன்னா அப்புறம் எதுக்குக் கதை?"

காலயந்திரம் கிடைத்தால் எங்கே போவது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. தி. நகரில் வண்டி நிறுத்த இடம் கிடைத்த காலத்துக்குப் போகலாம் என்றேன். "சயின்ஸ் ஃபிக்‌ஷன்லயும் ஒரு நியாயம் வேணாமா மச்சி?" என்றான். நான் துணிக்கடை, அவன் கண்ணாடிக்கடை என்பது மட்டும் பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. மனிதக் கண்ணுக்கே தெரியாத கலரில் புடவை கட்டிக்கொண்டு ஒரு வேற்றுக்கிரகத்து அம்மா மேட்சிங் கேட்டு வந்தால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். "எங்க கடைக்கு வா, உனக்கு ஒரு கண்ணாடி போட்டு வுடறேன்" என்றான். கல்லாவில் உட்கார்ந்து நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார். "ரம்மி கிம்மி ஆடுறியா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

இப்படியே போயிருக்கும். ஒரு பழைய புத்தகம் கெடுத்தது. அட்டை கிழிந்த ஒரு விஞ்ஞானக் கதைத் தொகுப்பு என்னிடம் இருக்கிறது என்று வாயைக் கொடுத்தேன். பலாப்பழம் விடவில்லை. எங்கே தேடியும் கிடைக்காத புத்தகம், படித்துவிட்டுத் தந்துவிடுகிறேன், கொரியர் எல்லாம் நம்ப முடியாது, நேரில் கொடு என்று ஒரே பிடிவாதம். பெசன்ட் நகர் கடற்கரையில், ஊரூர் குப்பத்துப் படகுகள் நிற்கிற பக்கம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. அடையாளத்துக்கு நான் குக்கர் வெயிட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவன் பலாச்சுளை வாங்கி வைத்திருப்பான்.

நான் ஒரு திட்டத்தோடுதான் போனேன். நான் குக்கரின் சித்தி. குக்கருக்குக் காய்ச்சல். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

படகு ஓரமாக நின்றேன். பையன் யாரும் பலாச்சுளையோடு தென்படவில்லை. நாலடி தள்ளி தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும், ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித் தாண்டிப் பார்த்தேன், அவளும் என்னைத் தாண்டித் தாண்டிப் பார்த்தாள். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, குக்கர் வெயிட்ட தூக்கிக்கினு வந்து நிக்கிற? வூட்ல சோறு கொழைஞ்சிடப் போவுது!" என்று சத்தமாகக் கேட்டார்.

அந்தப் பெண் சட்டென்று திரும்பி என் கையைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். காகிதப் பொட்டலத்தில் பலாச்சுளை.

"ஆன்ட்டி, நீங்க குக்கரோட அம்மாவா?"

"சித்தி. அவனுக்குக் காய்ச்சல். நீ பலாப்பழத்தோட தங்கச்சியா?"

"ஆமா ஆன்ட்டி. அண்ணன் கடைல மாட்டிக்கிச்சு."

புத்தகத்தைக் கொடுத்தேன். நியாயமாக அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அங்கேயே பிரித்து, பசித்தவள் மாதிரி புரட்ட ஆரம்பித்தாள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணாவது கதைய அண்ணனைப் படிக்கச் சொல்லு. கப்பல் வெடிக்கும், சத்தமே வராது. அதுதான் சரி."

"வரணும்," என்றாள் தலையைத் தூக்காமலே. "காத்து இல்லன்னாலும் வரணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மெதுவாக நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நைந்த காட்டன் புடவை, நரைத்த தலை, கையில் வெயிட்.

"மச்சி?" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, சாரி ஆன்ட்டி!"

சிரித்துச் சிரித்துப் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டோம். என் வயதைக் கேட்டாள், சொன்னேன். பெண் என்று தெரிந்தால் அந்த விளையாட்டில் நிம்மதியாக ஆட விடமாட்டார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றாள். கண்ணாடிக்கடை அவளுடைய அத்தாவினுடையது, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறாள். வீட்டில் கடைசிப் பெண், எதைச் சொன்னாலும் 'சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்' என்பார்களாம். பலாச்சுளை தீர்ந்தது, இருட்டும் நேரம் வந்தது. "பார்த்துப் போங்க ஆன்ட்டி" என்றாள். "வண்டிய மெதுவா ஓட்டும்மா, வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு" என்றேன். எவ்வளவு நல்ல சாயங்காலம் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. "குட் மார்னிங் ஆன்ட்டி, சாப்டீங்களா?" என்று ஒரு ரோஜாப்பூ வந்தது. என் எல்லையில் நின்றிருந்த அவள் படை மரியாதையாகப் பின்வாங்கிவிட்டது. கப்பல் திருட்டு நின்றது. இரும்புத் தாதுவைச் சீர்வரிசை மாதிரி அனுப்பிவைத்தாள். நான் மட்டும் என்ன, சின்னப் பெண் ஆயிற்றே என்று அவளுடைய ராயப்பேட்டைக்குக் காவலாக என் கப்பல்களை நிறுத்தினேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பாண்டி பஜார் என்று நாங்கள் பேர் வைத்திருந்த ஒரு பணக்காரக் கிரகம், அடுத்துப் பிடிக்க வேண்டியது அதுதான். "நீங்க எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்றாள். "நீ எடும்மா" என்றேன். "ஐயோ, நீங்க மொதல்ல." கல்யாணப் பந்தியில் கடைசி மைசூர்பாகுக்கு முன்னால் நிற்கிற மாதிரி நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, மண்டையோட்டுப் படம் வைத்த எவனோ வந்து பாண்டி பஜாரை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் அந்த மண்டையோட்டின் மேல் இல்லை. காலையிலிருந்து இரவு வரை நான் கடைப் பெண்களுக்கு அக்கா, வாடிக்கையாளர்களுக்கு மேடம், பிள்ளைக்கு அம்மா, கொழுந்தனாருக்கு அண்ணி. எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை. கைப்பிடி தேய்ந்த குக்கராக இருந்த அந்த ஒரே இடத்தில்தான் ஒருத்தர் என்னைச் சமமாக நினைத்து, ஈவு இரக்கமில்லாமல் அடித்தார். அது போய்விட்டால் என்னால் தாங்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஆன்ட்டின்னு கூப்பிடாதே" என்று எழுதினேன்.

"சரிங்க அக்கா."

"மச்சின்னு கூப்பிடு."

"எப்படி முடியும்? எங்கம்மாவ விட நீங்க ரெண்டு வயசு பெரியவங்க."

அன்றைக்கே ராயப்பேட்டைக்குக் காவல் நின்ற என் கப்பல்களைத் திருப்பி, ராயப்பேட்டையின் மேலேயே ஏவினேன். நம்பிக் கதவைத் திறந்து வைத்திருந்தாள், தடுக்க ஒரு கப்பல் இல்லை. சாயங்காலம் ராயப்பேட்டை என்னுடையது.

அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ரோஜாப்பூகூட வரவில்லை. மகள் வயதுப் பெண்ணின் தலையில் குட்டிவிட்டோமே, புத்தகத்தைக் கொரியரில் திருப்பி அனுப்பிவிட்டு முழுக்குப் போட்டுவிடுவாளோ என்று நினைத்தபடியே சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, ரம்மில போச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"ராயப்பேட்டையப் புடிச்சிட்டேன்."

"ராயப்பேட்டைய வச்சிக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் கடையில் நல்ல கூட்டம். மறுபடியும் ஒரு பச்சைப் புடவை, கிளியும் இல்லாத இலையும் இல்லாத அதே பச்சை. நான் துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது, நிற்காமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ராயப்பேட்டை போயிருந்தது. லஸ் போயிருந்தது. மயிலாப்பூர் போயிருந்தது. யாரும் சீண்டாத கோபாலபுரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை நாளும் அந்தப் பாதகத்தி கப்பல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியாக மந்தைவெளியும் விழுந்தது. அதோடு ஒரு செய்தி.

"மந்தைவெளி இன்னும் இவ்ளோ ஈஸியாவே கீது. இன்னா மச்சி, வயசாயிடுச்சா?"

கல்லாவில் கவிழ்ந்துகொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்தால் மறுபடி வருகிறது. கடைப் பெண்கள் ஓடிவந்தார்கள். பச்சைப் புடவை அம்மா பயந்துபோய், "என்ன ஆச்சு மேடம்?" என்றார்.

"எல்லாம் போச்சும்மா," என்றேன். "குடியிருக்கிற எடம்கூட போச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பச்சைக்குச் சரியான துணியைத் தேடி எடுத்து, மீட்டர் போட்டுக் கிழித்துக் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் அடித்தேன்.

"இரு மச்சி, வரேன்."