டீச்சர் வீட்டு மோட்டார் சைக்கிள்

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் கழிந்திருந்த நேரம், நுரைச்சோலைக்கு அப்பால் இருந்த ஒரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்தது. வீடு புத்தளத்தில். காலையில் கற்பிட்டி பஸ் வந்து நிற்கும்போதே மிதிபலகையில் ஆட்கள் தொங்குவார்கள். ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். வாரத்தில் மூன்று நாட்களாவது என் கையெழுத்து அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதிபர் ஒன்றும் சொல்வதில்லை. கையெழுத்திடும்வரை பேனையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். புதியது எங்கள் கைக்கு எட்டாது. வட்டிக்கு லீசிங் எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சீட்டுக் கட்டியதில் வந்த பணம் இருந்தது. அதற்குள் ஒரு பாவித்த வண்டி, பெரிதாகச் செலவு வைக்காத ஒன்று, அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

எனக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் என் கூட்டாளி ஒரு மெக்கானிக். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களையெல்லாம் இயக்கம் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. அதே வள்ளத்தில், என் பக்கத்தில் குந்திக்கொண்டு வந்தவன் அவன். முகாமில் அடுத்தடுத்த கொட்டில்களில் வளர்ந்தோம். ஒரு இறாத்தல் பாணை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பிய்த்துத் தின்ற நாட்கள் அவை. நான் படித்து வாத்தியாரானேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு கராஜில் சேர்ந்து, பிறகு சிலாபம் வீதியோரமாகத் தனக்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டான்.

நான் விசயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

“நீ காச மட்டும் வச்சிக்கொண்டு இரு மச்சான். வண்டிய நான் பாக்குறன். நான் சரியெண்டு சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது.”

அடுத்த சில வாரங்கள் எனக்கு ஒரு பாடம்போல இருந்தன. விற்பவன் வீட்டுக்குப் போனதும் கூட்டாளி முதலில் இன்ஜினில் உள்ளங்கையை வைப்பான். சூடாக இருந்தால், நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்திருந்தால் அது ஸ்டார்ட் ஆகாது என்று அர்த்தம். பிறகு புகையின் நிறம் பார்ப்பான். குனிந்து அடிப்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்ப்பான். “எங்கட கரையில இன்ஜினவிடப் பொடிதான், இந்தச் சட்டகந்தான் முக்கியம். உப்புக் காத்து இரும்ப உள்ளால தின்னும். பெயின்ட்டப் பாத்து ஏமாறாத” என்பான். மின்நிலையத்தில் வேலை செய்த ஒருவருடைய வண்டியை நீலப் புகை வருகிறது என்று ஒதுக்கினான். கற்பிட்டியில் ஒன்றை இலக்கத் தகடு சந்தேகம் என்று ஒதுக்கினான். இரண்டிலும் அவன் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த டீச்சர், ஆசிரியர் அறையில் என்னிடம் வந்து கேட்டார். வன்னியிலிருந்து யுத்தக் காலத்தில் புத்தளத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். கணவர் அதற்கு முந்திய வருடம் மாரடைப்பில் இறந்துபோயிருந்தார்.

“சேர் மோட்டார் சைக்கிள் ஒண்டு தேடுறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். எங்கட வீட்ட இவர் ஓடின சைக்கிள் நிக்குது. ஜப்பான் சைக்கிள். தெரியாத ஆக்களுக்குக் குடுக்க மனமில்லாமத்தான் வைச்சிருந்தனான். உங்களுக்கெண்டால் குடுப்பன். வந்து வடிவாப் பாருங்கோ.”

அவர் சொன்ன விலை எங்கள் பணத்துக்குள் அடங்கியது. அந்தச் சனிக்கிழமை நானும் கூட்டாளியும் போனோம். விறாந்தையில், பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். விரிப்பை எடுத்தபோது கறுப்புப் பெற்றோல் தாங்கியில் என் முகம் தெரிந்தது. கூட்டாளி இன்ஜினில் கையை வைத்தான். குளிர்ந்திருந்தது. இரண்டாவது உதையில் பிடித்தது. மீட்டரில் ஓடிய தூரம் மிகக் குறைவு. டீச்சர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். எப்போது ஒயில் மாற்றியது, எப்போது செயின் போட்டது என்று கணவர் சின்னச் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

“வேற ஒருத்தரையும் தொட விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சால் இதோடதான் இருப்பார்” என்று சொல்லிச் சிரித்தார் டீச்சர்.

கூட்டாளி நெடுநேரம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு திருப்புளியால் இன்ஜின் மூடியைத் தட்டிப் பார்த்தான். வீதிவரை ஓட்டிவிட்டு வந்தான். அவர் கொடுத்த தேநீரைக் குடித்தான். வெளியே வந்து வேலியோரம் நின்றதும் தலையை ஆட்டினான்.

“வேணாம் மச்சான். இன்ஜின கழட்டித் தொறந்திருக்கு. கிராங்க்ல ஒரு தட்டல் இருக்கு, உனக்குக் கேக்காது. மீட்டரையும் பின்னுக்குச் சுத்தியிருக்கு. ஆறு மாசத்துல கைவிட்டுரும்.”

“அவ அப்பிடிப் பொய் சொல்ற ஆளில்லடா.”

“அவ சொல்லல்ல. அவட மாப்புள அவக்கிட்ட சொல்லாம செஞ்சிருப்பார். மௌத்தானவரப் பத்தி நான் என்னத்தக் கதைக்க?”

திங்கட்கிழமை நான் டீச்சரிடம் மறுத்தேன். வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். மனைவிக்கு உயரம் சரிவரவில்லை என்றோ, காசு இன்னும் சேரவில்லை என்றோ. ஆனால் அவர் வேறு யாரிடமாவது கொடுத்துக் கெட்ட பெயர் எடுக்கக்கூடாது என்று பெரிய மனிதன்போல நினைத்துக்கொண்டு, கூட்டாளி சொன்னதை அப்படியே சொன்னேன். இன்ஜின் திறந்திருக்கிறது, மீட்டர் சுற்றியிருக்கிறது என்று.

டீச்சர் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தார்.

“இவரோ? எனக்குத் தெரியாமலோ?”

“என்ட கூட்டாளிக்கு இது இருபது வருசத் தொழில், டீச்சர்.”

“ஓம் சேர்” என்றார். மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பாடசாலை விசயம் தவிர எதுவும் கதைக்கவில்லை. வண்டியைக் குறை சொன்ன கோபம், போகப்போகச் சரியாகும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டாளி என்னைச் சிலாபத்துக்குக் கூட்டிப்போனான். மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த ஒரு வீடு. சிவப்பு நிற இந்தியன் வண்டி, புதுப் பெயின்ட் மினுங்கியது. நான் பழக்க தோசத்தில் இன்ஜினில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. அவனைப் பார்த்தேன். அவன் பார்வையை எடுத்து வீட்டுக்காரனோடு சிங்களத்தில் ஏதோ கதைக்கத் தொடங்கினான். பிறகு என் தோளில் தட்டி, “இது உனக்கெண்டே நிண்ட வண்டி மச்சான். கண்ண மூடிக்கொண்டு எடு” என்றான்.

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். கை சுட்டதைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் சொல்லித் தந்ததை வைத்து அவனையே கேள்வி கேட்பது எனக்கு மரியாதைக் கேடாகப் பட்டது.

நான்கு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவளுடைய கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போனேன். நுரைச்சோலைச் சந்தி தாண்டி ஒரு சிறு பள்ளத்தில் முன்சில்லு இறங்கியபோது, கால்களுக்கிடையில் எதுவோ முறியும் சத்தம் கேட்டது. வண்டி நடுவில் மடிந்ததுபோல இருந்தது. மனைவி வீதியோர மணலில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்திருந்தது. பின்னால் வந்த ஒரு லொறி சரியான நேரத்தில் ஒதுங்கியதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளை ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த நாள் வண்டியைப் பக்கத்திலிருந்த வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். வெல்டிங்காரர் முறிந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். செதில் செதிலாகத் துரு கொட்டியது. சுரண்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“மாஸ்டர், இது என்ட வெல்டிங். இந்த வண்டிய நான் ஒருக்கா ஒட்டியிருக்கன். பள்ளிவாசல்துறை மீன் யாவாரிட வண்டி. ஐஸ் பெட்டில இருந்து உப்புத் தண்ணி வடிஞ்சி வடிஞ்சி இப்பிடி ஆகியிருக்கு. இனி ரோட்டுல ஏத்தாதீங்க எண்டு அப்பவே சொன்னன்.”

“ஆரு இதக் கொண்டுவந்த?”

அவர் என் கூட்டாளியின் கொட்டகையைச் சொன்னார். திருத்தக் கொடுத்த மீன் வியாபாரி திரும்ப எடுக்க வரவில்லையாம். ஒரு வருடம் அந்தக் கொட்டகையின் பின்புறத்திலேயே கிடந்ததாம். நான் எத்தனையோ தரம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அங்கே கிடந்ததை நான் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்றுதான் பெயின்ட் அடித்து, சிலாபத்தில் ஒருவன் வீட்டில் நிறுத்தியிருக்கிறான்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் மனைவியின் கையைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு டீச்சர் தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தார்.

“சேர், ஏன் நீங்கள் அந்தச் சைக்கிளில போனீங்கள்? எங்கட சைக்கிள் எங்க, கழட்டிப்போட்டீங்களோ?”

எனக்கு விளங்கவில்லை.

“நீங்கள் வேண்டாமெண்டு சொன்ன அடுத்த நாளே உங்கட கூட்டாளி வந்தவரெல்லோ. சேர்தான் அனுப்பினவர், பாவம் எண்டு உதவச் சொன்னவர், உதிரிச் சாமானுக்குக் கழட்டத்தான் சரிவரும் எண்டு சொல்லி எடுத்துக்கொண்டு போனவர். பாதி விலைக்கும் குறைச்சுத்தான் தந்தவர். நீங்களும் அப்பிடித்தானே சொன்னனீங்கள் எண்டு நான் குடுத்தனான்.”

அந்த நான்கு மாத மௌனத்தின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான்தான் அவனை அனுப்பி, பாவம் பார்த்து அடிவிலைக்கு எடுப்பித்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, தினமும் என் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அன்று பின்னேரம் பஸ்ஸிலிருந்து நேரே கொட்டகைக்குப் போனேன். அவன் ஒரு முச்சக்கர வண்டிக்குக் கீழே கிடந்தான். என் கால்களைப் பார்த்தே அடையாளம் கண்டு வெளியே வந்தான்.

“வெல்டிங்காரன் எல்லாம் சொன்னான்” என்றேன். “டீச்சரும் சொன்னா.”

அவன் மறுக்கவில்லை. மறுப்பான் என்று வழி முழுவதும் எதிர்பார்த்திருந்தேன்.

“அந்த இன்ஜின் தொறந்திருந்ததா?”

“இல்ல மச்சான். கம்பனில பூட்டினது அப்பிடியே இருந்திச்சி. அப்பிடி ஒரு வண்டிய இவ்வளவு காலத்துல நான் கண்டதில்ல. குருநாகலுக்கு நல்ல விலைக்குப் போச்சி.”

“சரி, அத எடுத்த. அந்தத் துருப்புடிச்ச வண்டிய ஏன்டா எனக்குத் தந்த? என்ட பொஞ்சாதி பின்னால இருந்தா.”

அவன் எண்ணெய்ச் சீலையை விரல்களில் சுற்றிக்கொண்டே நின்றான்.

“அத வேற ஆரு வாங்குவான்? வாற எல்லாரும் கீழ குனிஞ்சி பாப்பான். நீ பாக்க மாட்டா. உன்னத் தவிர வேற ஆரு என்ன நம்பி எடுப்பான், சொல்லு. உனக்கு மாசம் முடிஞ்சாச் சம்பளம். எனக்கு அப்பிடியில்ல.”

இதை அவன் வெட்கப்பட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். ஒரு நியாயத்தை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னான். கண்டால் அடிக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் போனேன். ஆனால் கை எழவில்லை. டீச்சரிடம் வந்து உண்மையைச் சொல் என்று மட்டும் கேட்டேன். அவன் வர மறுத்தான். வேண்டுமானால் கொஞ்சம் காசு தருகிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு என்றான். அந்தக் காசை நான் கையால் தொடவில்லை. டீச்சருக்காகவாவது வாங்கியிருக்க வேண்டுமோ என்று பிறகு நினைத்ததுண்டு.

அடுத்த நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தை வெறுமையாக இருந்தது. கதிரையைக் காட்டினார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினை எவரும் திறக்கவில்லை, மீட்டரை எவரும் தொடவில்லை, உங்கள் கணவர் எழுதி வைத்ததெல்லாம் உண்மை என்றேன். அவன் தராத மிச்ச விலையை மாதம் மாதமாக நான் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு மாசமா நான் இவரோட கோவம், சேர்” என்றார். “படத்துக்கு விளக்கு வைக்கேக்க ஒவ்வொரு நாளும் கேப்பன், ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள், இன்னும் என்னென்ன ஒளிச்சனீங்கள் எண்டு. அந்தக் கொப்பியக் கிழிச்சு எரிச்சுப்போட்டன்.”

அவன் என்னை ஏமாற்றினான் என்பதை நான் யாரிடமும் சொல்லி ஆறலாம். ஆனால் அவர் தன் கணவரை நான்கு மாதம் வெறுக்க வைத்த பொய்யைச் சொன்ன வாய் என்னுடையது.

பாடசாலைத் தவணை முடிந்ததும் டீச்சர் வவுனியாவுக்கு மாற்றம் கேட்டுப் போனார். நான் கொடுக்க முயன்ற பணத்தை ஒருமுறைதான் வாங்கினார், பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகும் நாளில் எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும். அவருடைய குரலில் கோபம் இல்லை. பழைய நெருக்கமும் இல்லை.

முறிந்த வண்டியை இரும்புக்காரனுக்குப் போட்டேன். மனைவியின் மணிக்கட்டு பொருந்தியது, ஆனால் இடியப்பம் பிழியும்போது இன்றும் நோகிறது என்பாள். கூட்டாளியைப் பள்ளிவாசலில் கண்டால் அவன் சலாம் சொல்கிறான். பதில் சொல்வது கடமை, சொல்கிறேன். பிறகு தொழுகைக்கு அவன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று பார்த்து, நான் வேறு வரிசைக்குப் போய்விடுகிறேன்.